வீலரின் பருத்திப் பண்ணை – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஜோசஃப் வீலர் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்தரப்பின் குதிரைப்படைத் தளபதியாக இருந்தவர், தோற்ற பிறகு அலபாமாவில் பருத்திப் பண்ணையும் மனைவி மக்களுமாக வாழ்ந்ததைப் படித்து நெகிழ்ந்துவிட்டேன். அட்லாண்டாவில் இருக்கும் நண்பனிடம் இதைச் சொன்னபோது, "அடிமைமுறைக்காகச் சண்டை போட்டவன் கதையில் நெகிழ என்ன இருக்கிறது?" என்று கோபப்பட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. நான் நெகிழ்ந்தது தவறா?

எஸ்., கோவை

*

அன்புள்ள எஸ்.,

தவறில்லை. அந்தக் குடும்பத்தின் துயரங்கள் உண்மையானவை. 1866இல் வீலர் மணந்த டேனியலா ஒரு இளம் விதவை. 1895இல் அவர் இறந்துபோனார். மூன்று வருடம் கழித்து ஸ்பெயினுடன் போர் வந்தபோது, அறுபதைத் தாண்டிய வீலர் தான் ஒருகாலத்தில் எதிர்த்து நின்ற அமெரிக்க ராணுவத்தின் சீருடையை அணிந்து கியூபாவுக்குப் போனார். மகள் ஆனி அங்கே போர்க்களச் செவிலியாக வேலை செய்தார். போர் முடிந்து திரும்பிய கொஞ்ச நாளில், நியூயார்க் மாநிலத்தின் மான்டாக் கடலில் கடைசி மகன் தாமஸ் மூழ்கி இறந்தான். ஆனி திருமணம் செய்துகொள்ளவில்லை. முதல் உலகப் போரின்போதும் பிரான்சுக்குப் போய்க் காயம்பட்டவர்களைக் கவனித்தார். 1955இல் இறக்கும்வரை அந்தப் பண்ணை வீட்டைப் பேணியவரும் அவர்தான். எனக்கு அந்தக் குடும்பத்தில் மிகவும் பிடித்தவர் ஆனி.

சரி, உங்கள் நண்பரின் கோபத்துக்கு வருவோம். அது நியாயமான கோபம். அதை இன்னும் கொஞ்சம் குறிப்பாகச் சொல்ல விரும்புகிறேன்.

1864 டிசம்பர். வடதரப்பின் ஷெர்மன் படை ஜார்ஜியாவைக் கடந்து சவன்னா துறைமுகத்தை நோக்கிப் போகிறது. வழிநெடுக அடிமைப் பண்ணைகளை விட்டு ஓடிவந்த கறுப்பின மக்கள், கைக்குழந்தைகளோடும் கிழவர்களோடும் படையின் பின்னால் நடக்கிறார்கள். அவர்களைத் துரத்திக்கொண்டு வருவது வீலரின் குதிரைப்படை. டிசம்பர் 9 அன்று எபனேசர் ஓடையை ஒரு மிதவைப் பாலத்தின் வழியாகக் கடந்த வடதரப்புத் தளபதி ஒருவர், தன் வீரர்கள் அக்கரை சேர்ந்ததுமே பாலத்தை எடுக்கச் சொல்லிவிட்டார். முன்னால் குளிர்காலத்து வெள்ளம், பின்னால் வீலரின் ஆட்கள். பயந்துபோய் நீரில் குதித்தவர்களில் பலர் மூழ்கினார்கள். இக்கரையில் அகப்பட்டவர்களை வீலரின் வீரர்கள் பிடித்து மறுபடி அடிமைத்தனத்துக்கே அனுப்பினார்கள். செத்தவர்கள் எத்தனை பேர் என்று எந்தப் படையும் எண்ணவில்லை. பாலத்தை எடுத்தது விடுவிக்க வந்த தரப்பு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்தச் செய்தி வாஷிங்டனை எட்டிப் பெரும் கண்டனம் எழுந்தது. ஜனவரியில் போர் அமைச்சர் ஸ்டான்டன் சவன்னாவுக்கே வந்து, கறுப்பினச் சமயத் தலைவர்கள் 20 பேரை ஷெர்மனோடு சேர்ந்து சந்தித்தார். அவர்கள் சார்பில் பேசியவர் கேரிசன் ஃபிரேசியர் என்ற 67 வயது போதகர். தனக்கும் மனைவிக்குமான விடுதலையை 1,000 டாலர் கொடுத்து வாங்கியவர். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, நிலம் வேண்டும், அதை எங்கள் உழைப்பால் உழுது பிழைத்துக்கொள்வோம் என்றார். நான்கே நாளில், 1865 ஜனவரி 16 அன்று ஷெர்மனின் ஆணை வந்தது: கடலோர நிலம் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை. ஏறக்குறைய 40,000 பேர் அங்கே குடியேறி விதைக்கவும் தொடங்கினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன், மன்னிப்புப் பெற்ற பழைய முதலாளிகளிடமே நிலம் திரும்பிப் போக வழிசெய்தார். விதைத்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள்.

வீலரின் பாண்ட் ஸ்பிரிங் பண்ணை அந்தக் கடலோர எல்லைக்குள் வராது. அது வட அலபாமாவில், டென்னசி ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. டேனியலாவின் முதல் கணவர் வீட்டாரான ஷெரட் குடும்பத்தின் சொத்து. போர் முடிந்த 1865இல் வீலர் கொஞ்ச காலம் டெலவேர் கோட்டைச் சிறையில் இருந்தார், அவ்வளவுதான். சில வருடங்களில் பண்ணைக்குக் குடிவந்தார். அப்புறம் வழக்கறிஞர் தொழில், 1881 முதல் காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றத்தில் உறுப்பினர் பதவி. பண்ணையில் ஏர் பிடித்தவர்கள் கறுப்பினக் குடும்பங்கள், விளைச்சலைப் பங்கிடும் வாரக் குத்தகைக்கு. தெற்கின் பருத்தி நாடு முழுவதும் அப்படித்தான் நடந்தது: நிலமும் கோவேறு கழுதையும் முதலாளியுடையது, விளைச்சலில் பாதி அவருக்கு, விதைக்கும் சாப்பாட்டுக்கும் கடையில் வாங்கிய கடன் மீதிப் பாதியில் கழியும். கணக்கு எழுதுவதும் பெரும்பாலும் முதலாளிதான்.

போர் முடிந்தபின் ஒரு மனிதன் மண்ணுக்குத் திரும்புகிறான் என்பதில்தானே நீங்கள் நெகிழ்ந்தீர்கள்? ஃபிரேசியர் கேட்டதும் அதைத்தான். துரத்தியவருக்கு மனைவி வழியில் அது கிடைத்தது. துரத்தப்பட்டவர்கள் கையில் கொடுத்துவிட்டு அரசாங்கமே பிடுங்கிக்கொண்டது. என் கோபமெல்லாம் இந்த இடத்தில்தான். வீலர் எதற்காகப் போரிட்டார் என்பதோடு நிறுத்திக்கொண்டால், போருக்குப் பிந்தைய இந்த இரண்டாவது அநியாயம் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். தாமஸுக்காக நீங்கள் வருந்தலாம். ஆனால் எபனேசர் ஓடையில் மூழ்கிய பிள்ளைகளையும் அதே வீலரின் வாழ்க்கைக் கதையில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

நண்பர் ஜார்ஜியாவிலேயே இருப்பதால் ஒரு யோசனை. எபனேசர் ஓடை சவன்னாவுக்கு வடக்கே எஃபிங்ஹாம் கவுண்டியில் இருக்கிறது. அங்கே நினைவுப் பலகையும் உண்டு. போய்ப் பார்த்துவிட்டு எழுதச் சொல்லுங்கள்.