போனை வாங்கி வைப்பது சரி, திருப்பிக் கொடுப்பது?

கருங்கல் பக்கம் உங்கள் பள்ளியில் 400 பிள்ளைகளின் போனைக் காலையில் வாங்கி வைக்கப் பூட்டுப் பெட்டி வாங்கலாமா, செலவு தாங்குமா என்று கேட்டிருந்தீர்கள். பெட்டி ஒருமுறை செலவு, அதை விடுங்கள். தினமும் போகிற நேரம்தான் கணக்கு. ஒரே இடத்தில் திருப்பிக் கொடுத்தால், ஒரு போனுக்கு 5 விநாடி என்றாலும் அரை மணி நேரம் தாண்டும். அதற்குள் மார்த்தாண்டம் பஸ் போயே போய்விடும்.

போனை வகுப்புவாரியாக வாங்கி, அந்தந்த வகுப்பிலேயே திருப்பிக் கொடுங்கள். எண் போட்ட பைகளை வரிசையாகத் தைத்த துணி ஒன்று போதும், எந்தத் தையல்கடையிலும் தைத்துத் தருவார்கள். மணியடித்ததும் சுருட்டி பீரோவில் பூட்டிவிடலாம். அமெரிக்கப் பள்ளிகளில் காந்தப் பூட்டு வைத்த பை கொடுக்கிறார்கள், ஆளுக்கு 25, 30 டாலர். நமக்கு அது வேண்டாத ஆடம்பரம்.

தொலைந்தால், ஸ்கிரீன் உடைந்தால் யார் பொறுப்பு என்று முதலிலேயே எழுதிப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்குங்கள். சண்டை வருவதே இதில்தான். அப்புறம் மழை. மதியம் திடீரென்று பள்ளியை விட்டால் பிள்ளையை எப்படிக் கூப்பிடுவது என்று கேட்பார்கள், நியாயம்தான். அதற்கு ஆபீசில் கட்டாயம் ஆள் எடுக்கும் ஒரு நம்பர் வேண்டும். இரண்டு பஸ் மாறி வருகிறவர்களுக்குப் பட்டன் போனை மட்டும் அனுமதிக்கலாம், அதுவும் ஆஃப் செய்து அந்தத் துணிப் பைக்குள்ளேதான்.