பெற்றோர் பணம் தரமாட்டார்கள். இடம் கிடைத்த இரண்டு பல்கலைக்கழகங்களில் எதை எடுப்பது?

ஒன்று பெரிய பெயருள்ள பல்கலைக்கழகம், முதல் வருடம் கொஞ்சம் ஸ்காலர்ஷிப் உண்டு. இன்னொன்று அவ்வளவு பேர் கேள்விப்படாதது, ஆனால் கட்டணம் பாதிதான். வீட்டில் "செலவை நீயே பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டார்கள். இதுதானே உங்கள் நிலைமை? என் கதையும் கிட்டத்தட்ட இதேதான்.

முதலில் வீட்டு விஷயம். அப்பா "தரமாட்டேன்" என்றதும் நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. சுத்த வீண். மூன்றாம் நாள்தான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். பணம்? கிடையாது. கல்விக்கடனுக்கு ஜாமீன் கையெழுத்து? அதுவும் கிடையாது; யாருக்கோ ஜாமீன் போட்டு அந்தக் கடனை அவரே கட்டிய கதை அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். வருமானச் சான்று? "அதற்கென்ன, எடுத்துக்கொள்." வீட்டிலிருந்தே போய் வந்தால்? என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உன்னை வீட்டை விட்டுப் போ என்று யார் சொன்னது?"

ஆக, ஒரு "முடியாது"க்குள் இரண்டு "சரி" இருந்தது. இரண்டுமே பணத்துக்குச் சமம். குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவித்தொகைகள் பலவற்றில், பெற்றோர் பணம் தருகிறார்களா என்று பார்ப்பதில்லை. அவர்களுக்கு எவ்வளவு வருகிறது என்றுதான் பார்ப்பார்கள். அந்தக் காகிதம் இல்லாவிட்டால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். தங்குமிடமும் சாப்பாடும் சில படிப்புகளில் கட்டணத்தையே மிஞ்சும். அதனால் சண்டை போடுவதற்கு முன் தனித்தனியாகக் கேளுங்கள்.

அப்புறம் கணக்கு. நான் செய்த தப்பு, முதல் வருடக் கட்டணத்தை நாலால் பெருக்கியது. முதல் வருடக் கட்டணம் 100 என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 5 சதவீதம் ஏறினால் நாலு வருடத்துக்கு 400 இல்லை, 431. அதை வருடா வருடம் 10 சதவீதத் தனிவட்டிக்குக் கடனாக வாங்கி, படிக்கும்போது வட்டி கட்டாமல் விட்டால், படிப்பு முடியும் நாளில் நிலுவை சுமார் 536. அதைப் 10 வருட மாதத் தவணையாக அதே வட்டியில் கட்டினால் மொத்தம் 850 போய்விடும். 400 என்று நினைத்தது 850! ராத்திரி ஒரு மணிக்கு எக்ஸெல்லில் இந்த எண்ணைப் பார்த்துவிட்டு, ஏதோ ஃபார்முலா தப்பு என்று மூன்று முறை திரும்பப் போட்டேன். தப்பில்லை. உங்கள் வட்டி வேறாக இருக்கலாம், கூட்டுவட்டியாகவும் இருக்கலாம். எதுவானாலும் ஒப்பிட வேண்டியது இந்தக் கடைசி எண்ணைத்தான், அட்மிஷன் கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருப்பதை இல்லை.

ஸ்காலர்ஷிப்பையும் நம்பிவிடாதீர்கள். எனக்கு வந்த கடிதத்தில் "40 சதவீதச் சலுகை" என்று முதல் பக்கத்தில் பெரிதாக இருந்தது. மூன்றாம் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இரண்டு வரி: சலுகை கல்விக் கட்டணத்துக்கு மட்டும், ஒவ்வொரு செமஸ்டரும் சராசரி 8.5க்குக் கீழே போகக் கூடாது. ஹாஸ்டல், லேப், தேர்வுக் கட்டணம் எதற்கும் சலுகை இல்லை. முதல் வருடம் இதை வாங்கியவர்களில் எத்தனை பேர் கடைசி வருடம் வரை வைத்திருந்தார்கள் என்று மெயிலில் கேட்டேன். ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. வாழ்த்து இருந்தது, எண் இல்லை. என் முடிவில் பாதியை எடுத்தது அந்தப் பதில்தான். ஒரு செமஸ்டர் காய்ச்சலில் படுத்தால் 40 சதவீதமும் என் தலையில் விழும், கைகொடுக்க வீட்டில் ஆளும் இல்லை. பெற்றோர் பணம் கட்டும் பிள்ளைக்கு இது ஒரு சறுக்கல், அவ்வளவுதான். நமக்கோ நடுவில் படிப்பே நின்றுபோகும். பட்டம் இல்லாமல் கடன் மட்டும் மிஞ்சுவதைவிட மோசமானது எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நான் சின்னதைத்தான் எடுத்தேன். வீட்டிலிருந்தே போய் வந்தேன், போக வர தினமும் மூன்று மணி நேரம் பஸ்ஸில். சனி, ஞாயிறு வேலை. பெரிய பெயர் இல்லாததன் விலை முதல் வேலை தேடும்போது தெரிந்தது. சில இடங்களில் பயோடேட்டாவைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. வலித்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அதற்காக எப்போதும் சின்னதுதான் சரி என்று சொல்லவில்லை. நீங்கள் படிக்கப்போகும் துறையிலேயே பெரிய இடத்துக்குத் தனி மதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மொத்தப் பல்கலைக்கழகத்தின் தரவரிசை உங்கள் துறையைப் பற்றி அதிகம் சொல்லாது. போன வருடம் அந்தத் துறையில் முடித்த இரண்டு மூன்று பேரைப் பிடித்து முதல் சம்பளத்தைக் கேளுங்கள். மேலே சொன்ன மாதத் தவணை அந்தச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கினால் பெரியதற்கே போங்கள். மூன்றில் ஒரு பங்கைத் தின்றால் வேண்டாம். நடுவில் எங்கேயாவது வந்தால், சலுகையைக் கூட்ட முடியுமா என்று பெரிய இடத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள், இன்னொரு இடம் கையில் இருக்கிறது என்பதையும் சேர்த்து. கேட்டால் இடத்தைப் பறித்துவிடுவார்களோ என்று பயந்து நான் எழுதவே இல்லை. என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் எழுதிக் கேட்டு வாங்கியிருக்கிறார்.

முன்பணம் கட்டுவதற்கு முன், எந்தத் தேதி வரை திருப்பித் தருவார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.