எட்டு வருடம் வேலை பார்த்தவனுக்கு வகுப்பு எதற்கு?

கோயம்புத்தூரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகனுக்கு 29 வயது. ஐடிஐயில் மோட்டார் வாகன மெக்கானிக் முடித்து, எட்டு வருடமாக ஒரு கார் டீலரிடம் டெக்னீஷியனாக இருக்கிறார். கார் கம்பெனி நடத்தும் பயிற்சி வகுப்புக்கு இப்போது அவரை அனுப்பப் போகிறார்கள். "இத்தனை வருஷம் கை கருக்க வேலை பார்த்தவனுக்கு இனிமேல் என்ன பாடம்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு டிப்ளமோ, அப்புறம் பி.இ. படிக்கட்டும் என்று தாய்மாமா ஒற்றைக்காலில் நிற்கிறாராம். பெண் பார்க்கப் போகும் இடத்தில் மெக்கானிக் என்று சொல்ல மாமாவுக்குக் கூச்சம். நகையை அடகு வைக்கிற அளவுக்குப் பேச்சு வந்துவிட்டது.

அம்மா, உங்கள் கவலை நியாயம்தான். ஆனால் உங்கள் அண்ணன் போடும் கணக்கு தப்பு. ஐடிஐ படிப்பைக் காட்டி டிப்ளமோவில் நேராக இரண்டாம் ஆண்டு சேர்ந்தாலும் 2 வருடம். அங்கிருந்து பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்ந்தால் 3 வருடம். ஆக 5 வருடம் சம்பளம் இல்லை. 34 வயதில், 22 வயதுப் பிள்ளைகளோடு வேலைக்கு வரிசையில் நிற்க வேண்டும். இதற்காக நகை அடகுக்கடைக்குப் போகவே கூடாது. பெண் வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று ஒருவனுடைய தொழிலை மாற்றுவதற்கும் நான் சம்மதிக்க மாட்டேன். வெளிநாடு, சொந்த ஒர்க்‌ஷாப் பற்றியெல்லாம் சொல்ல ஊரில் நிறையப் பேர் உண்டு, அதை விடுகிறேன்.

அந்த வகுப்பைப் பற்றித்தான் யாரும் உங்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை. புதிதாக வந்த பையனைவிட, கை பழகியவருக்குத்தான் அது அதிகம் பயன்படும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு வண்டியில் சென்சாரும் கம்ப்யூட்டரும் கூடிவிட்டன. வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஸ்கேனர் கருவி, பழுதைக் குறிக்கும் பல ஃபால்ட் கோடுகளை வரிசையாகக் காட்டும். அடிப்படை தெரியாதவர் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்பார். வண்டி அதே கம்ப்ளைன்டோடு திரும்பி வரும்.

வகுப்பில் சொல்லித்தருவது எப்படிப்பட்டது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேச இரண்டு முறுக்கிய வயர்கள் உண்டு. அதன் இரு முனைகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று. பல கார்களில், பேட்டரியைக் கழற்றிவிட்டு ஸ்கேனர் சாக்கெட்டின் 6, 14ஆம் பின்களில் மல்டிமீட்டரை வைத்தால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் எங்கோ ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் இரண்டு வயரும் ஒட்டியிருக்கின்றன. அந்த வண்டியை ஆயிரம் தடவை தொட்டவருக்கு இது தெரிந்துவிட்டால், விலை கூடிய ஈசியூவை, அதாவது அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியை, மாற்றச் சொல்வதற்கு முன் மீட்டரை எடுப்பார்.

மின்சாரக் கார் என்றால் விளையாட்டே இல்லை. ஆரஞ்சு நிற வயரில் நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடும். 12 வோல்ட் பேட்டரியைத் துண்டித்து, பெரிய பேட்டரியின் மின்சாரத்தைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை எடுத்து, கம்பெனி சொன்ன நிமிடங்கள் காத்திருந்து, வோல்டேஜ் இல்லை என்று அளந்து பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். சீனியர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்ளும் வேலை இல்லை இது.

"ஞாயிற்றுக்கிழமையும் வயரிங் படத்தை ஃபோனில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கிறான்" என்று குறைப்பட்டிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மகனுடைய மனம் எங்கே இருக்கிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். எட்டு வருட அனுபவமும் எலக்ட்ரிக்கல் ஆர்வமும் சேர்ந்தவர் பழுதின் காரணத்தைக் கண்டுபிடிக்கும் டயக்னோஸ்டிக் டெக்னீஷியன் ஆகலாம். பிறகு ஃப்ளோர் சூப்பர்வைசர், பயிற்சியாளர் என்று போகவும் வழி இருக்கிறது.

மகனிடம் இதைச் சொல்லுங்கள். தீராமல் திரும்பி வந்த வண்டிகளின் கம்ப்ளைன்ட், கோடு, மாற்றிய பாகம் இவற்றை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வகுப்புக்குப் போகட்டும். பயிற்சியாளரைக் கேள்வி கேட்டுத் துளைக்கட்டும். ஸ்லைடு ஆங்கிலத்தில் இருக்கிறது என்று வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டாம். புரியாத இடத்தில் கையைத் தூக்கித் தமிழிலேயே கேட்கலாம்.

பண விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வகுப்பு நாட்கள் வேலை நாட்களாகவே கணக்காக வேண்டும். போக்குவரத்து, தங்கும் செலவு டீலருடையது. பல டெக்னீஷியன்கள் வகுப்புக்குப் போகாமல் நழுவுவதற்குக் காரணமே அந்த வாரத்து இன்சென்டிவ் போய்விடும் என்பதுதான். சராசரி இன்சென்டிவாவது தருவார்களா என்று முன்கூட்டியே கேட்கட்டும். பயிற்சிக்குப் பிறகு வேலையை விட்டுப் போகமாட்டேன் என்று பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டால், எத்தனை மாதம், நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற இரண்டையும் படித்துப் பார்க்காமல் போட வேண்டாம். ஐடிஐ சான்றிதழுக்கு நகல் போதும். ஒரிஜினலை யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது.