பழைய கணினியில் பெரிய ஹார்ட் டிஸ்க்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பென்டியம் 4 கணினியில் 250 ஜிகாபைட் ஐடிஇ (பட்டைக் கேபிளில் இணையும் பழைய வகை) ஹார்ட் டிஸ்க்கைப் பொருத்தினேன். 137 ஜிகாபைட் மட்டுமே தெரிகிறது. டிஸ்க் பழுதானதா?

பதில்: டிஸ்க்கில் பழுது இல்லை, அதைப் படிக்கும் கணினிக்குத்தான் எண்ணிக்கை போதவில்லை. டிஸ்க்கில் தரவு எழுதப்படும் சிறு துண்டான செக்டர் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி எண் உண்டு. கணினியைத் தொடக்கிவைக்கும் மதர்போர்டு மென்பொருளான பயாஸ், பழையதாக இருந்தால், அந்த எண்ணை 28 பிட்டுகளில் குறித்தது. அதில் 26,84,35,456 முகவரிகளே அடங்கும். செக்டருக்கு 512 பைட் வீதம் பெருக்கிப் பார்த்தால், 137 ஜிகாபைட்டைச் சற்றே தாண்டியதும் கணக்கு முடிந்துவிடும். பின்னர் வந்த ஏடிஏ-6 என்னும் டிஸ்க் இணைப்புத் தரம் முகவரியை 48 பிட்டுகளாக நீட்டியது. ஆகவே, உங்கள் மதர்போர்டுக்குப் புதிய பயாஸ் வெளியாகியுள்ளதா என்று அதன் மாடல் எண்ணைக் கொண்டு முதலில் தேடிப் பாருங்கள்.

பயாஸ் சரியானாலும் வேலை பாதிதான் முடிந்தது. விண்டோஸ் எக்ஸ்பியின் முதல் வெளியீட்டுக்கு 48 பிட் முகவரி தெரியாது. மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட மேம்படுத்தல் தொகுப்பான சர்வீஸ் பேக் 1 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். இங்கே ஓர் ஆபத்தும் இருக்கிறது. சர்வீஸ் பேக் போட்டு முழு 250 ஜிகாபைட்டையும் ஒரே பார்ட்டிஷனாக (டிஸ்க்கின் ஒரு பிரிவாக) பயன்படுத்தி வந்த ஒருவர், பின்னொரு நாள் விண்டோஸைப் பழைய சிடியிலிருந்தே மறுபடி நிறுவினால், 137 ஜிகாபைட்டுக்கு அப்பால் எழுத வேண்டிய தரவு டிஸ்க்கின் தொடக்கப் பகுதியில் போய் விழுந்து, அங்கிருக்கும் கோப்புகளை அழித்துவிடக்கூடும். சர்வீஸ் பேக் சேர்த்த நிறுவல் சிடியை இப்போதே தயாரித்து வைத்துக்கொள்ளுங்கள். பழையதைக் கண்ணில் படாமல் ஒளித்து வைத்தாலும் நல்லதே.

கேள்வி: 1 டெராபைட் என்று விற்ற டிஸ்க் விண்டோஸில் 931 ஜிகாபைட் என்று காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகவும் விண்டோஸ் 1024 வீதமாகவும் எண்ணுவதால் வரும் வேறுபாடு இது. பைட் எண்ணிக்கை இரு கணக்கிலும் ஒன்றே.

கேள்வி: பழைய பயாஸ் உள்ள கணினியில் 64 பிட் விண்டோஸ் 7 வைத்திருக்கிறேன். 3 டெராபைட் டிஸ்க்கை முழுமையாகப் பயன்படுத்த முடியுமா?

பதில்: தரவு சேமிக்க மட்டும் என்றால் முடியும். எம்பிஆர் என்னும் பழைய பார்ட்டிஷன் அட்டவணை 32 பிட் எண்களைக் கொண்டது என்பதால் சுமார் 2.2 டெராபைட்டோடு நின்றுவிடும். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் அந்த டிஸ்க்கை ஜிபிடி என்னும் புதிய அட்டவணை முறைக்கு மாற்றுங்கள். அங்கு இந்த மாற்றத்துக்கு டிஸ்க்கில் எந்தப் பார்ட்டிஷனும் இருக்கக் கூடாது என்பதால், காலியாக இருக்கும்போதே செய்துவிடுவது நல்லது. ஆனால் ஜிபிடி டிஸ்க்கிலிருந்து விண்டோஸ் தொடங்குவதற்குப் பயாஸுக்குப் பதிலாக வந்த யுஇஎஃப்ஐ தேவை. உங்களிடம் அது இல்லை. எனவே விண்டோஸ் பழைய சிறிய டிஸ்க்கிலேயே இருக்கட்டும். புதியது இரண்டாவது டிஸ்க்காக இயங்கட்டும். என் பார்வையில் பழைய கணினிக்கு இதைவிடத் தொல்லையற்ற ஏற்பாடு கிடையாது.

ஜிபிடிக்கு மாற்றிய பிறகும் 746 ஜிகாபைட் என்று விசித்திரமான ஓர் எண் தோன்றினால் பதற வேண்டாம். 3 டெராபைட்டிலிருந்து எம்பிஆர் எல்லையைக் கழித்த மீதிதான் அது. டிஸ்க்கை இயக்கும் மென்பொருளான பழைய ஸ்டோரேஜ் டிரைவர் எண்ணி முடிக்க இயலாமல் மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருக்கிறது. டிரைவரைப் புதுப்பித்துப் பாருங்கள்.

கேள்வி: புதிய சாட்டா (ஐடிஇக்குப் பின் வந்த இணைப்பு வகை) டிஸ்க்கைப் பழைய மதர்போர்டு கண்டுகொள்ளவே இல்லை. கேபிளை மாற்றியும் பயனில்லை.

பதில்: டிஸ்க் சுழல்கிறதா என்று கையை வைத்துப் பாருங்கள். சுழன்றும் தெரியவில்லை என்றால் வேகப் பொருத்தம் சிக்கலாக இருக்கலாம். வியா விடி8237 போன்ற முதல் தலைமுறைச் சாட்டா சிப்கள் நொடிக்கு 1.5 ஜிகாபிட் வேகம் மட்டுமே அறிந்தவை. வேகமான டிஸ்க்கோடு தாமாக இணங்கிப் போக அவற்றால் முடிவதில்லை. சில டிஸ்க்குகளில் வேகத்தை 1.5 ஆகக் குறைக்கும் ஜம்பர் (இரு பின்களை இணைக்கும் சிறு செருகி) உண்டு. அதன் இடம் லேபிளில் குறிக்கப்பட்டிருக்கும். சுழலவே இல்லை என்றால், பவர் கனெக்டரின் மூன்றாவது பின்னைச் சந்தேகியுங்கள். பழைய பவர் சப்ளைகள் அதில் 3.3 வோல்ட் தருகின்றன. அண்மைக்கால டிஸ்க்குகள் சிலவோ அதை 'அணைந்திரு' என்னும் கட்டளையாக எடுத்துக்கொள்கின்றன. மோலெக்ஸ் என்னும் பழைய நான்கு பின் பவர் கனெக்டரிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் அடாப்டரில் அந்த 3.3 வோல்ட் வராது என்பதால் டிஸ்க் இயங்கத் தொடங்கும்.

கேள்வி: 1998-ஆம் ஆண்டுக் கணினியில் 80 ஜிகாபைட் டிஸ்க்கை மாட்டியதும் தொடக்கத் திரையிலேயே உறைந்துவிடுகிறது. கொள்ளளவைக் குறைக்கும் ஜம்பர் ஒன்று டிஸ்க்கில் இருக்கிறது. அதைப் போடலாமா?

பதில்: போட்டால் கணினி தொடங்கிவிடும். அக்காலத்து அவார்ட் பயாஸ்கள் சில 33.8 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட டிஸ்க்கைக் கண்டதும் இப்படி உறைந்துவிடும். அதற்காகவே அந்த ஜம்பரை வைத்தார்கள். ஆனால் 80 ஜிகாபைட்டில் பாதிக்கு மேல் வீணாகும். சொந்த பயாஸ் கொண்ட பிசிஐ ஐடிஇ கார்டு ஒன்றைச் செருகி, டிஸ்க்கை அதில் இணைப்பதையே நான் பரிந்துரைப்பேன். மதர்போர்டின் பயாஸ் அந்த டிஸ்க்கைத் தேடவே தேடாது. முழுக் கொள்ளளவும் கிடைக்கும். கார்டு கிடைக்கும் வரை ஜம்பரோடு ஓட்ட நினைத்தால், அதில் முக்கியமான எதையும் சேமிக்காதீர்கள். பிறகு ஜம்பரைக் கழற்றியதும் பார்ட்டிஷனைப் புதிதாகப் பிரிக்க வேண்டிவரும்.