பேட்டரி இறங்கினால் பிஎஸ்-6 பைக் ஏன் கிக்கரில் எடுப்பதில்லை?

நண்பரே, ரெண்டு வாரம் நிறுத்தி வைத்த 2021 மாடல் பைக் எத்தனை உதை உதைத்தாலும் எடுக்கவில்லை, மெக்கானிக் கார்புரேட்டர் மாட்டச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து மாட்டாதீர்கள்.

உங்கள் அப்பாவின் பழைய வண்டியில் எஞ்சின் இழுக்கும் காற்றே கார்புரேட்டரிலிருந்து பெட்ரோலை உறிஞ்சிக்கொள்ளும், பல வண்டிகளில் ஸ்பார்க்குக்கான மின்சாரமும் மேக்னட் காயிலிலிருந்தே வந்துவிடும், அதனால் பேட்டரி செத்தாலும் ஓடியது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததும் புகை அளவு வரம்புக்குள் நிற்க பெரும்பாலான வண்டிகள் பெட்ரோலை அழுத்தத்தில் தெளிக்கும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. இதில் டேங்குக்குள் இருக்கும் மின்சார பம்ப் அழுத்தம் கொடுக்க வேண்டும், எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது என்று இசியு எனும் வண்டியின் குட்டிக் கம்ப்யூட்டர் முடிவு செய்ய வேண்டும். ரெண்டுக்கும் கரண்ட் வேண்டும், அதனால்தான் பேட்டரி இறங்கிவிட்டால் உதைத்தும் எடுப்பதில்லை.

முதலில் சாவியைப் போட்டு, பம்ப் ஓரிரு நொடி முனகுகிறதா என்று கேளுங்கள். சத்தமே இல்லையென்றால் ஃப்யூஸையும் பேட்டரியையும் பாருங்கள். மல்டிமீட்டர் வைத்து அளந்தால் பேட்டரி முழு சார்ஜில் 12.6 வோல்ட் அருகே காட்டணும், 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் போடுங்கள். அப்புறம் எஞ்சினை ஓடவிட்டு ஆக்ஸிலரேட்டரை முறுக்கியபடி அளந்தால் சுமார் 14 வரணும், வராவிட்டால் பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் மேல் முதல் சந்தேகம். ஓடும்போது பேட்டரி வயரை மட்டும் கழற்றிவிடாதீர்கள், இசியு போய்விடக்கூடும்.