இடைக்கால ஃபேன்டஸி ரேஞ்சர் மாதிரி உடை, சாமான் எல்லாம் கையாலயே செஞ்சு போட்டுக்கிட்டு நிஜமா ட்ரெக்கிங் போக முடியுமா? எதுல ஆரம்பிக்கணும்?

முடியும். ஆறு வருஷமா செஞ்சுக்கிட்டு இருக்கேன், அதுல முதல் ரெண்டு வருஷம் செஞ்சது முழுக்கக் குப்பை, அதனால அங்கேருந்தே ஆரம்பிக்கிறேன்.

ரேஞ்சர்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: ஃபேன்டஸி கேம்லயும் கதைலயும் வில்லும் கத்தியும் வெச்சுக்கிட்டு ஹுட் போட்டுக்கிட்டு காட்டுல தனியாத் திரியுறானே ஒருத்தன், அவன்தான். நெட்ல படம் தேடினா அவன் உடம்பு முழுக்க லெதராத்தான் இருக்கும். நானும் அதைப் பார்த்துட்டு, சோஃபாவுக்குப் போடுற மெல்லிசான லெதரா வாங்கி, கருப்புச் சாயம் அடிச்சு, தோளுக்கு ரெண்டு தகடு, ரெண்டு கைக்கும் கயிறு கட்டின காப்பு, நெஞ்சுக்குக் குறுக்கே ஆறு பக்கிள் வெச்ச வார்னு செஞ்சு மாட்டிக்கிட்டு, மேல பாலியஸ்டர் வெல்வெட்ல ஒரு க்ளோக்கும் (தோள்லருந்து போர்வை மாதிரி தொங்குற மேலங்கி) போட்டுக்கிட்டுக் கிளம்பினேன். ரெண்டு மணி நேரம்கூட ஆகல, உள்ள வேர்த்துக் கொட்டுது, அடி எடுத்து வைக்கிறப்பலாம் கீச்சு கீச்சுன்னு சத்தம், எதிர்ல வந்தவங்க சத்தத்தை வெச்சே திரும்பிப் பார்த்தாங்க. அப்புறம் மழை வந்துச்சு. சாயம் மொத்தமும் கரைஞ்சு உள்ள போட்டிருந்த வெள்ளைப் பருத்திச் சட்டைக்கு இறங்கிடுச்சு, கழுத்து மூணு நாளைக்குக் கருநீலமா இருந்துச்சு. ராத்திரி நெருப்புகிட்ட உக்காந்தப்ப ஒரே ஒரு பொறி வெல்வெட்ல விழுந்து, துணி உருகி, தட்டிவிடப் போன விரல்லயே ஒட்டிக்கிச்சு. அந்தத் தழும்பு இன்னும் இருக்கு.

அதுக்கப்புறம்தான் நிஜத்துல அந்தக் காலத்து ஆளுங்க என்ன போட்டாங்கன்னு படிக்க ஆரம்பிச்சேன். துணிதான் போட்டிருக்காங்க. கம்பளித் துணி, அதுக்குள்ள லினன் (ஆளிச்செடி நார்த் துணி), அவ்ளோதான். 14-ஆம் நூற்றாண்டுக் கடைசில இங்கிலாந்துல சாஸர்ங்கிற கவிஞர் எழுதின யாத்திரைக் கதைகளோட முன்னுரைல ஒரு ஆள் வர்றான், இவன் காட்டுக்காவல்காரனாத்தான் இருக்கணும்னு அவரே சொல்றார். பச்சைக் கோட்டு, பச்சை ஹுட், பெல்ட்டுல சொருகின மயிலிறகு அம்புக்கட்டு, கையில பெரிய வில்லு, ஒரு கைக்காப்பு, இடுப்புல வாளும் சின்னக் கேடயமும், பச்சை வார்ல தொங்குற ஊதுகொம்பு. நம்ம ரேஞ்சரோட நிஜ முன்னோர் இவன்தான்னு வெச்சுக்கோங்க. தோள் தகடு கிடையாது, முதுகுல அம்பறாத்தூணி கிடையாது (முதுகுல மாட்டிக்கிட்டுப் புதர்ல குனிஞ்சு நுழைஞ்சு பாருங்க, ஒவ்வொரு கிளையும் புடிச்சு இழுக்கும்), காப்பும் ஒரு கைக்குத்தான். ஏன்னா அது நாண் வந்து அடிக்கிற கைக்கு மட்டும்தானே வேணும், ரெண்டு கைலயும் மாட்டுறது ஃபோட்டோவுக்கு.

எழுத்து மட்டும் இல்ல, அசல் துணியே கிடைச்சிருக்கு. 1921-ல கிரீன்லாந்துல ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ்ங்கிற இடத்துல ஒரு பழைய கல்லறைத் தோட்டத்தைத் தோண்டினப்ப உறைஞ்ச மண்ணுக்குள்ளருந்து இடைக்காலத்துக் கம்பளி அங்கிகளும் ஹுட்களும் எக்கச்சக்கமா வந்துச்சு. 1936-ல ஸ்வீடன்ல வார்பெரி ஊருக்குப் பக்கத்துல ஒரு சதுப்புல கிடைச்ச 14-ஆம் நூற்றாண்டு ஆளோட டிரெஸ் அப்படியே முழு செட்டா இருந்துச்சு: டூனிக் (தலை வழியா மாட்டுற நீளச் சட்டை), க்ளோக், தொடை வரைக்கும் வர்ற காலுறை, ஷூ, பெல்ட், பின்னாடி நீளமா வால் தொங்குற ஹுட். இதோட வெட்டு அளவெல்லாம் வரைபடமாவே கிடைக்குது. ஃபேன்டஸி ஆர்ட்டை காப்பி அடிக்கிறதுக்கு பதில் இதைக் காப்பி அடிங்க, உங்க கற்பனையை எம்பிராய்டரி, கலர், பக்கிள் டிசைன்ல காட்டிக்கலாம்.

சரி எதுல ஆரம்பிக்கணும்? ஹுட். எல்லாரும் க்ளோக்ல ஆரம்பிப்பாங்க, வேணாம். ஹுட்டுக்கு 150 செ.மீ. அகலத் துணில ஒரு மீட்டர் தாராளமாப் போதும், தப்பாப் போனாலும் வயிறு எரியாது, அதோட எல்லா தையலும் இதுலயே கத்துக்கலாம். இடைக்கால ஹுட்ங்கிறது தலைக்கு மட்டும் இல்ல, தோளையும் மூடிட்டு நெஞ்சுவரைக்கும் இறங்கும், தனியாப் போட்டாலே சின்ன மழைக்கும் காத்துக்கும் போதும். ரெண்டு பாதி வெட்டி மண்டைக்குப் பின்னாடியும் மேலயும் சேர்த்துத் தைக்கணும், தோள் பக்கம் ரெண்டு சைடுலயும் கீறிவிட்டு ஒரு முக்கோணத் துண்டு வெச்சா தோள்ல விரிஞ்சு உக்காரும். அந்த முக்கோணத்தோட கூர் முனைதான் எல்லாருக்கும் சுருக்கம் விழுற இடம், அங்க மட்டும் மெஷின் வேணாம், கையால நெருக்கமா பின்தையல் போட்டு, அப்புறம் உள்பக்க ஓரத்தை ரெண்டு பக்கமும் விரிச்சு மடக்கி அமுக்கித் தைங்க.

துணி வாங்குறப்ப ஒரு மூலைல சின்னதா வெட்டி ஓரத்தை நகத்தால கீறிப் பாருங்க. நூல் பிரிஞ்சு வந்தா அது வெறும் நெசவு. பிரியலன்னா, நெய்ததுக்கப்புறம் தண்ணில போட்டு அடிச்சு இறுக்கின துணி, அந்தக் காலத்துல இதுக்குன்னே தண்ணில ஓடுற ஆலையெல்லாம் வெச்சிருந்தாங்க. அந்த மாதிரித் துணி காத்தைத் தடுக்கும், தூறல் மேலயே முத்து முத்தா நிக்கும், ஓரத்தை மடிக்காமலே விட்டுடலாம். கம்பளி தன் எடைல ஏறக்குறைய 30 சதவீதம் ஈரத்தை இழுத்துக்கிட்டும் தொட்டா ஈரமாத் தெரியாது, நனைஞ்சாலும் குளிர் தாங்கும். பொறி விழுந்தா கருகி நின்னுடும், உருகாது, சட்டுன்னு பத்திக்கவும் பத்திக்காது. (நனைஞ்ச கம்பளி நாத்தம் அடிக்கும், அதை நான் ஒளிக்க விரும்பல. கூடாரத்துல கூடப் படுக்கிறவங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.)

க்ளோக் கணக்கு சிம்பிள். அரை வட்டம். 150 அகலத்துல 3 மீட்டர் துணி எடுத்தா 150 செ.மீ. ஆரத்துல ஒட்டே இல்லாம முழு அரை வட்டம் வரும், ஆனா அது கணுக்காலுக்கு வரும், ஏத்தத்துல நம்ம க்ளோக்கை நாமளே மிதிச்சு விழுவோம், நான் விழுந்தேன். அதனால 120-ல வெட்டுறேன். எடைலயும் லாபம், சதுர மீட்டருக்கு 600 கிராம் துணின்னா 150 ஆரத்துக்கு 2 கிலோவுக்கு மேல, 120-க்கு ஏறக்குறைய 1.4 கிலோதான், நனைஞ்சா அதெல்லாம் எங்கயோ போயிடும். கழுத்து வெட்டுறதுக்கு உங்க கழுத்துச் சுற்றளவை 3.14-ஆல வகுங்க, 40 செ.மீ. கழுத்துன்னா கிட்டத்தட்ட 12.7 வரும், அந்த ஆரத்துக்கு ஒரு குட்டி அரை வட்டம். முதல்ல 10-லயே வெட்டி நிறுத்துங்க, கம்பளி குறுக்கே வெட்டின இடத்துல தானா இளகி நீளும், பத்தலன்னா அப்புறம் வெட்டிக்கலாம். மாட்டுறது தொண்டைக்கு நேரா வேணாம், மொத்த எடையும் குரல்வளைல தொங்கும். வலது தோள் மேல ஒரு பெரிய ஊக்கு, வலது கை ஃப்ரீயா இருக்கும்.

டூனிக் பத்தி ஒண்ணே ஒண்ணு. அது செவ்வகமும் முக்கோணமும்தான், வெட்டுறது ஈஸி, ஆனா அக்குள்ல ஒரு 10-12 செ.மீ. சதுரத் துண்டு வைக்க மறந்துடாதீங்க, அது இல்லன்னா கை தூக்கினா மொத்த டூனிக்கும் தூக்கிக்கும், பாறை ஏறுறப்ப வயிறு தெரியும்.

இப்ப லெதர். எனக்குப் புடிச்ச பகுதி, அதனாலயே அளவா வெச்சுக்கிட்டேன்: பெல்ட், ஒரு பை, கத்தி உறை. மூணுக்கும் மரப்பட்டை மாதிரித் தாவரச் சரக்குல பதப்படுத்தின வெஜ் டேன் லெதர்தான் வேணும். சோஃபா லெதர் க்ரோம் டேன், அதாவது குரோமியம் உப்புல பதப்படுத்தினது, அது 19-ஆம் நூற்றாண்டுல வந்த முறை, அசல் தோற்றத்துக்கும் ஆகாது, நனைச்சு வடிவம் புடிக்கவும் செய்யாது. உறைக்கு 3 மி.மீ. கனம், பைக்கு 1.5 மி.மீ. போதும். உறை செய்றப்ப கத்தியை சமையலறை ப்ளாஸ்டிக் ஷீட்ல சுத்திட்டு, லெதரை வெதுவெதுப்பான தண்ணில முக்கி குமிழி வர்றது நிக்கிறவரைக்கும் வெச்சு எடுத்து, கத்தி மேல போட்டு விரலாலயே அமுக்கி அமுக்கி வடிவம் கொண்டு வரணும், நகம் பட்டா தடம் விழுந்துடும், அது போகவே போகாது. ஒரு நாள் முழுக்க நிழல்ல காயணும். அடுப்புகிட்டயோ வெயில்லயோ வெச்சா ஓடு மாதிரி சுருங்கி வெடிக்கும்.

தைக்கிறது குத்தூசியால ஓட்டை போட்டு, தேன்மெழுகு தடவின லினன் நூலோட ரெண்டு முனைலயும் ரெண்டு ஊசி, ரெண்டும் ஒரே ஓட்டைல எதிரெதிரா போய் வரணும். மெஷின் தையல்ல ஒரு இடம் அறுந்தா வரிசையா அவுந்துக்கிட்டே போகும், இதுல ஒரு நூல் அறுந்தாலும் இன்னொண்ணு புடிச்சுக்கும். முக்கியமா, கத்தியோட வெட்டுமுனை படுற பக்கம் ரெண்டு லெதருக்கும் நடுவுல இன்னொரு லெதர் பட்டை வெச்சுத் தைக்கணும். என் முதல் உறைல அது இல்ல. நாலாவது ட்ரெக்ல கத்தி தையலை அறுத்துட்டு முனை வெளிய எட்டிப் பார்த்துக்கிட்டு இருந்துச்சு, தொடைக்கும் அதுக்கும் நடுவுல ஒரு காலுறைதான். வீட்டுக்கு வந்ததும் கத்தியை உறைலயே விட்டுடாதீங்க, லெதர்ல ஈரம் தங்கிடும், கார்பன் ஸ்டீல் ஒரு வாரத்துல துரு ஏறிடும்.

மழைக்குக் கித்தான் துணில ஆளிவிதை எண்ணெய் ஊத்தி எண்ணெய்த்துணி செய்றது பழைய முறை, நல்லாவும் இருக்கும், படுக்கையைச் சுத்தி எடுத்துட்டுப் போகலாம். ஆனா எண்ணெய் துடைச்ச துணியைக் கசக்கி மூலைல போடாதீங்க, ப்ளீஸ். அந்த எண்ணெய் காயுறப்ப காத்துல இருக்கிற ஆக்ஸிஜனோட சேர்ந்து சூடாகும், சுருட்டி வெச்சா சூடு வெளிய போக வழியில்லாம தானா பத்திக்கும். நான் ஒரு வாளில போட்டுட்டு சாப்பிட்டுட்டு வந்து கை வெச்சுப் பார்த்தா உள்ள கொதிக்குது. இப்பல்லாம் துணியைத் தண்ணில நனைச்சு வெளில கொடில விரிச்சுக் காயப்போட்டுத்தான் தூக்கிப் போடுறேன்.

எங்கெல்லாம் நான் அசலை விட்டுக்கொடுத்தேன்னு கேட்டா, முதல்ல ஷூ. உள்வெளியாத் தைச்சுத் திருப்புற இடைக்கால ஷூ ஒரு ஜோடி செஞ்சேன், அழகுன்னா அழகு, புல்தரைல வெறுங்காலோட நடக்கிற சுகம், ஈரப் பாறைல ஒரே வழுக்கு. முட்டி வீங்கி இறங்கி வந்தேன். இப்ப சாதாரண ட்ரெக்கிங் பூட்ஸ், அதுக்கு மேல 10 செ.மீ. அகலம் 3 மீட்டர் நீளக் கம்பளிப் பட்டையைக் கணுக்கால்லருந்து முட்டி வரைக்கும் சுத்திக்கிறேன், பூட்ஸ் பாதி மறைஞ்சுடும், முள்ளும் கிழிக்காது. இறுக்கிச் சுத்தினா கால் மரத்துப் போகும், ஒரு விரல் நுழையணும். தண்ணிக்கு ஸ்டீல் பாட்டில், அதுக்கு மேல லெதர் உறை. லெதர் பாட்டிலே செஞ்சு தேன்மெழுகு பூசிப் பார்த்தேன், 60 டிகிரி தாண்டினாலே மெழுகு உருகும், மறதியா சூடா ஊத்திட்டேன், முடிஞ்சுது. முதலுதவிப் பெட்டி, ஹெட்லாம்ப், மேப் எல்லாம் இந்த நூற்றாண்டுச் சாமான்தான், தோள்ல தொங்குற துணிப்பைக்குள்ள கிடக்கும். அந்தக் காலத்து யாத்திரிகன் ஒரு சின்னப் பையோட கிளம்பினான்னா, ராத்திரிக்கு மடமோ சத்திரமோ இருந்துச்சு. நமக்கு இல்ல, அதனால ஒரு ராத்திரிக்கு மேலன்னா கூச்சப்படாம நல்ல ட்ரெக்கிங் பேக் மாட்டிக்கிறேன்.

இன்னொண்ணு, பச்சையும் பழுப்புமா உடுத்தினா காட்டுல நம்மளை யாருக்கும் தெரியாது. கேட்க ஜோரா இருக்கும், கால் சுளுக்கி விழுந்து கிடக்கிறப்ப தேடி வர்றவங்களுக்கும் தெரியாது, வேட்டை அனுமதி இருக்கிற காடுன்னா இன்னும் மோசம். க்ளோக்கோட உள்பக்கம் ஒரு பளீர் ஆரஞ்சுத் துணி தைச்சு வெச்சிருக்கேன், திருப்பிப் போட்டா போதும். வாளு, வில்லு கொண்டு போறதுக்கு முன்னாடி அந்த இடத்துச் சட்டம் பாருங்க, டம்மியா இருந்தாலும். நான் சின்னக் கத்தியோட நிறுத்திக்கிட்டேன்.

நெருப்புக்கு மட்டும் நான் முழு அசல். சிக்கிமுக்கிக் கல்லு, சி வடிவ எஃகு, கருக்கின துணி. மூடின தகர டப்பால ஆணியால ஒரு ஓட்டை போட்டு, உள்ள பருத்தித் துண்டுகளை அடுக்கி நெருப்புல வெச்சா ஓட்டை வழியா புகை வரும், புகை நின்னதும் எடுத்து, முழுசா ஆறினப்புறம்தான் திறக்கணும், அவசரப்பட்டா காத்துப் பட்டதும் மொத்தமும் கனன்று சாம்பலாயிடும். மூணாவது நாலாவது அடிலயே பொறி புடிச்சு ஒரு செம்புள்ளி மெதுவாப் பரவும் பாருங்க, எத்தனை தடவை செஞ்சாலும் எனக்கு அலுக்கல. துண்டுத் துணி எங்கேருந்துன்னா, முதல் ட்ரெக்ல கருநீலமாப் போச்சே அந்தச் சட்டைதான். முதுகுப் பக்கம் தீர்ந்துடுச்சு, இன்னும் ரெண்டு கை மிச்சம் இருக்கு.