டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

கொடைக்கானலில் பனிக்காலம் வந்தால் இந்தக் கேள்வி-பதில் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி தோலைப் பற்றியே இருக்கும். இம்முறை முக்கால்வாசி. நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் எல்லோருக்கும் ஊர் மட்டுமே.

கேள்வி: அக்கா, மார்கழி பிறந்ததிலிருந்து பாட்டிலில் தேங்காய் எண்ணெய் கட்டியாகவே கிடக்கிறது. மெழுகு கலந்திருப்பார்களோ? (அட்டுவம்பட்டி)

பதில்: தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். நம் ஊர்க் குளிரில் உறையாமல் இருந்தால் அப்போது எழுதுங்கள்.

கேள்வி: வெயிலே எட்டிப் பார்க்காத ஊரில் என் மகள் சன்ஸ்கிரீன் வாங்கச் சொல்கிறாள். மாதம் ஐந்நூறு ரூபாய் தண்டம்தானே? (செண்பகனூர்)

பதில்: மகள் சொல்வதுதான் சரி. குளிர் வேறு, புற ஊதாக் கதிர் வேறு. ஆயிரம் மீட்டர் ஏற ஏற அந்தக் கதிரின் வீச்சு சுமார் 10 சதவீதம் கூடுகிறது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். மெல்லிய மேகம் அந்தக் கதிரைத் தடுப்பதே இல்லை என்று சொல்லிவிடலாம். மலையடிவாரத்து வத்தலக்குண்டில் வெயில் சுடுவதால் ஆட்கள் நிழல் தேடுகிறார்கள். இங்கே இதமாக இருக்கிறதென்று நாள் முழுவதும் வெளியில் நிற்கிறோம். தோல் கருப்பதும் மங்கு விழுவதும் அதனால்தான்.

காசை மட்டும் பார்த்துச் செலவழியுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் என்ற காப்பு எண் 30 என்றால், புற ஊதாக் கதிரில் ஒரு வகையான யுவிபி கதிரில் சுமார் 97 சதவீதத்தையும், 50 என்றால் சுமார் 98 சதவீதத்தையும் தடுக்கும். ஒரு சதவீத வித்தியாசத்துக்கு இரட்டை விலை கொடுக்க வேண்டியதில்லை. இன்னொரு வகையான யுவிஏ கதிருக்கு எதிரான காப்பைக் காட்டும் 'பிஏ' என்ற எழுத்தும் கூட்டல் குறிகளும் பெட்டியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்கிப் பூச வேண்டும். பொட்டளவு தொட்டு வைத்தால் போட்ட காசு முழுவதும் வீண். வெளியில் நின்று வேலை செய்பவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். அதற்கு முடியாதவர்களுக்கு அகலமான தொப்பியும் தலைமுக்காடும் நல்ல காப்பு.

கேள்வி: அக்கா, நான் பூண்டுக் காட்டில் வேலை செய்கிறேன். இரண்டு கன்னத்திலும் மங்கு. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு அம்மா 'மூன்று வாரத்தில் வெளுத்துவிடும்' என்று கொடுத்த கிரீமை ஐந்து மாதமாகப் பூசுகிறேன். வெளுத்தது உண்மை. நான்கு நாள் விட்டால் முன்னைவிடக் கருக்கிறது. இப்போது காலையில் கண்ணிமை தடித்திருக்கிறது, சாயங்காலம் கால் வீங்குகிறது. கிரீமினால் இருக்குமா? டப்பாவை அனுப்பியிருக்கிறேன். (பூம்பாறை)

பதில்: தங்கையே, இன்றே நிறுத்துங்கள். இந்த வாரமே மருத்துவரிடம் போய் இந்தக் கிரீமைப் பற்றிச் சொல்லி, சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பாதரச அளவையும் பார்க்க வேண்டியிருக்கலாம். டப்பாவைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், அதையும் கையோடு கொண்டுபோங்கள். சிறுநீர் நுரைத்துப் போனால் நாளைக்கென்று தள்ளிப்போடவே கூடாது.

நீங்கள் அனுப்பிய டப்பாவை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். மேல்மூடியில் ஒரு பெண்ணின் முகம், பாதி கருப்பு, பாதி வெள்ளை. அடியில் ஒன்றுமே இல்லை. தயாரித்தவர் பெயர் இல்லை, முகவரி இல்லை, உரிம எண் இல்லை, தொகுதி எண் இல்லை, தேதி இல்லை. உள்ளே கிரீம் லேசான சாம்பல் நிறம். பெட்டிக்குள் மடித்திருந்த சிறு தாளில் ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும் தெளிவாக அச்சாகியிருந்தது: தங்க, வெள்ளி நகைகளில் படாமல் பூசவும். அதைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. தங்கத்தோடும் வெள்ளியோடும் சேர்ந்து அவற்றைக் கெடுக்கிற பொருள் பாதரசம். உறுதியாகச் சொல்ல ஆய்வுக்கூடம் வேண்டும். ஆனால் இத்தனை அடையாளங்களைப் பார்த்தபின் உறுதி வரட்டும் என்று பூசிக்கொண்டிருக்க முடியாது.

தோலுக்கு நிறம் தரும் மெலனின் உண்டாக ஒரு நொதி வேலை செய்ய வேண்டும். பாதரசம் அந்த நொதியை முடக்குகிறது. அதனால்தான் சீக்கிரம் வெளுக்கிறது, நிறுத்தியதும் கருப்பு திரும்பி வருகிறது. வெளுப்பு நிலைக்காது. பாதரசமோ தோல் வழியாக இறங்கிச் சிறுநீரகத்தில் போய்த் தங்கும். பூசியவரோடு போவதில்லை என்பது இன்னும் கொடுமை. அதன் ஆவியை வீட்டில் இருப்பவர்கள் மூச்சில் இழுக்கிறார்கள், ஒரே தலையணையில் படுக்கும் குழந்தை தொட்டு வாயில் வைக்கிறது. 2023இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் கோட்டக்கல் மருத்துவர்கள் இதைத்தான் கண்டார்கள். சிறுநீரில் புரதம் போகிறது என்று வந்தவர்களை விசாரித்தால், ஒருவர் பின் ஒருவராக வெளுப்பு கிரீம் பூசியவர்கள். நிறுத்திய பலருக்குக் குணமாகியிருக்கிறது. அதனால் நீங்கள் பயந்து ஒடுங்க வேண்டாம், தாமதிக்க மட்டும் வேண்டாம்.

அழகுசாதனப் பொருளில் பாதரசம் சேர்க்க நம் நாட்டில் தடை இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகள் வரம்பும் கட்டின: கண்ணுக்குப் பூசுபவற்றில் பத்து லட்சத்தில் 70 பங்கு, மற்றவற்றில் தெரியாமல் கலந்தால்கூடப் பத்து லட்சத்தில் ஒரே ஒரு பங்கு. இந்த விதிகளை எழுதியவர்களுக்கு ஆபத்து தெரிந்திருக்கிறது. சந்தையில் சாக்கு விரித்து விற்பவரை யார் கேட்பது என்பதுதான் என் பல வருடக் கோபம்.

அதுவும் இந்த மலையில்! பாதரசம் என்னவென்று கொடைக்கானலுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய சாமான் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த தெர்மாமீட்டர் கண்ணாடி கிடந்ததைக் கண்டுதான் ஊர் திரண்டது, இங்கிருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். பாம்பார் சோலையை ஒட்டிய அந்த மண்ணைச் சுத்தப்படுத்துவது பற்றிய பேச்சு அதன்பின் எத்தனையோ வருடம் நடந்தது. மண்ணில் விழுந்ததற்கு அத்தனை போராட்டம் நடத்திய ஊரில், அதே பாதரசத்தை நூற்றைம்பது ரூபாய் கொடுத்து வாங்கி ராத்திரி படுக்கும்முன் கன்னத்தில் தேய்க்கிறோம்.

உங்கள்மேல் எனக்கு ஒரு சொல் கோபமும் இல்லை. காட்டில் வேலை செய்த முகம் கருத்தால் அது குறை என்று சொல்லிச் சொல்லி உங்களை அந்த விரிப்பின் முன் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் பலர். மருத்துவர் டப்பாவைப் பார்த்து முடித்தபின் அதைக் குப்பையில் போடாமல், எரிக்காமல், இறுக மூடிய பையில் கட்டி, திண்டுக்கல்லில் உள்ள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அலுவலகத்துக்குப் புகாரோடு அனுப்புவோம். எழுதித் தருவது என் பொறுப்பு.

கேள்வி: பருவுக்கு மருந்துக்கடையில் கேட்டபோது ஒரு ட்யூப் கொடுத்தார்கள். இரண்டு நாளில் முகம் பளபளவென்று ஆனது. எட்டு மாதமாகப் பூசுகிறேன். இப்போது வெயில் பட்டால் எரிகிறது, கன்னத்தில் சிவப்பு நரம்பு தெரிகிறது, மீசை இல்லாத இடத்திலும் முடி முளைக்கிறது. வேறு நல்ல கிரீம் சொல்லுங்கள். (கல்லூரி மாணவர், நாயுடுபுரம்)

பதில்: வேறு கிரீம் சொல்ல மாட்டேன். ட்யூபில் என்ன எழுதியிருக்கிறது என்று எட்டு மாதத்தில் ஒரு நாளாவது படித்தீர்களா? பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல், மொமெட்டசோன், இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. அழகு கிரீம் அல்ல, மருந்து. 2018 முதல் இத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. கொடுத்தவர் தவறு செய்தார். படிக்கத் தெரிந்தும் படிக்காதது உங்கள் தவறு. திடீரென்று நிறுத்தினாலும் முகம் கொதித்துச் சிவக்கும் என்பதால், எப்படிக் குறைப்பது என்பதைத் தோல் மருத்துவரிடம் கேளுங்கள். என்னிடமும் வேண்டாம், அறை நண்பனிடமும் வேண்டாம்.

கேள்வி: தலைச்சாயத்தைக் காதின் பின்னால் தடவிப் பார்த்தேன், அரித்தது. மறுநாள் கல்யாணம் என்பதால் முழுவதும் பூசிவிட்டேன். தலை வீங்கிவிட்டது. நிறுவனத்திடம் நஷ்டஈடு கேட்கலாமா? (பண்ணைக்காடு)

பதில்: கேட்க முடியாது. பெட்டி எச்சரித்தது, தோலும் எச்சரித்தது. இரண்டையும் மீறியவர் நீங்கள்.

கேள்வி: ஏரிக்கரையில் வாங்கிய யூகலிப்டஸ் தைலம் சுத்தமானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பேரனுக்குச் சளி. (தாண்டிக்குடி)

பதில்: வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு ஒரு மணி நேரம் வையுங்கள். நல்ல தைலம் ஆவியாகிப் போய்விடும். எண்ணெய்க் கறை வட்டமாக நின்றால் மலிவான எண்ணெய் கலந்திருக்கிறது. டர்பென்டைன் கலந்திருந்தால் இந்தச் சோதனையில் பிடிபடாது. ஆகவே தாளை நம்புவதைவிடத் தயாரிப்பாளர் முகவரி உள்ள பாட்டிலை நம்புங்கள். நானும் ஒருமுறை அம்மாவின் முழங்காலுக்கென்று சீல் இல்லாத அரை லிட்டர் வாங்கினேன். வாங்கும்போது மூக்கில் ஏறிய வாசனை ஒரு வாரத்தில் போய்விட்டது, பிசுக்கு மட்டும் பாட்டிலில் தங்கியது. அம்மா ஒன்றும் சொல்லாமல் அதைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அதை நினைத்தால் இன்றும் மனம் கேட்கவில்லை.

சுத்தமோ கலப்படமோ, பேரன் கைக்குழந்தை என்றால் முகத்திலும் மார்பிலும் தடவ வேண்டாம். பெரியவர்களும் தேங்காய் எண்ணெயில் கலந்தே தேய்க்க வேண்டும். பாட்டிலைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கொஞ்சம் விழுங்கினாலே வலிப்பு வரும் அளவுக்கு ஆபத்து.

கேள்வி: ஒரே நிறுவனத்தின் இரண்டு சோப்பு. ஒன்றில் குளியல் சோப் என்றும், மற்றதில் 'பாத்திங் பார்' என்றும் போட்டிருக்கிறது. இரண்டும் ஒன்றுதானே? (பெருமாள்மலை)

பதில்: ஒன்றல்ல. பார்த்ததற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். உறையில் டிஎஃப்எம் என்று ஒரு சதவீதம் இருக்கும். சோப்பில் உள்ள கொழுப்புப் பொருளின் அளவு அது. 76க்கு மேல் முதல் தரம், 70க்கு மேல் இரண்டாம் தரம், 60க்கு மேல் மூன்றாம் தரம். பாத்திங் பாருக்கு 40 இருந்தாலே போதும். பாத்திங் பார் கெட்டது என்று பொருளல்ல, சில மென்மையாகவே இருக்கும். முதல் தரத்தின் விலையில் வாங்குகிறோமா என்று பாருங்கள். தோல் வெடிப்புக்குச் சோப்பைவிடப் பெரிய காரணம் கொதிக்கக் கொதிக்க ஊற்றும் வெந்நீர். வெதுவெதுப்பாகக் குளித்து, ஈரம் முழுதும் காய்வதற்குள் பெட்ரோலியம் ஜெல்லியோ தேங்காய் எண்ணெயோ தடவினால் போதும்.

கேள்வி: அந்தப் பெட்ரோலியம் ஜெல்லியைத்தான் சீசனில் அச்சிட்ட விலைக்கு மேல் பத்து ரூபாய் வைத்து விற்கிறார்கள். மலையேற்றும் கூலியாம். (ஆனந்தகிரி)

பதில்: அச்சிட்ட விலையில் எல்லா வரியும் அடக்கம். அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் குற்றம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிடுங்கள்.

கேள்வி: இணையத்தில் 60 சதவீதத் தள்ளுபடியில் வைட்டமின் சி சீரம் வாங்கினேன். திறந்தால் தேநீர் நிறம். 'இயற்கையானது, அப்படித்தான் இருக்கும்' என்கிறார்கள். (வில்பட்டி)

பதில்: சாயம் சேர்க்காத வைட்டமின் சி சீரம் பழுப்பானால் பெரும்பாலும் காற்றோடு சேர்ந்து கெட்டுவிட்டது என்று பொருள். 'இயற்கை' என்ற சொல்லுக்குப் பெட்டியின்மேல் ஒரு மதிப்பும் இல்லை, யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். இதே ஏமாற்றத்தை நான் 1,400 ரூபாய் கொடுத்து அனுபவித்திருக்கிறேன். காலாவதிக்கு ஐந்து வாரம்தான் இருந்தது, பெட்டியைப் பிரித்து எறிந்தபின் கவனித்தேன். அன்று முதல் பார்சல் வந்ததும் முதலில் தேதியைப் படம் எடுத்துக்கொள்கிறேன், பிறகுதான் பிரிக்கிறேன். நீங்களும் படத்தோடு அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இறக்குமதிப் பொருளானால் பதிவுச் சான்று எண்ணும் இறக்குமதியாளரின் இந்திய முகவரியும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதையும் புகாரில் சேருங்கள்.

கேள்வி: மகளின் நிச்சயதார்த்தத்துக்கு அழகு நிலையத்தில் 6,000 ரூபாய்க்கு 'பேக்கேஜ்' எடுத்தோம். முகம் கொப்பளித்து, நிகழ்ச்சியில் முக்காடு போட்டு உட்கார்ந்தாள். என்ன பூசினீர்கள் என்று கேட்டால் சொல்ல மறுக்கிறார்கள். பில்லும் தரவில்லை. கூலி வேலை செய்பவர்கள் நாங்கள், வக்கீல் வைக்க வசதியில்லை. (மன்னவனூர்)

பதில்: அம்மா, வக்கீல் வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்களே மனு கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமே கிடையாது. நடந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம். இப்போது செய்ய வேண்டியது இதுதான்: மகளின் முகத்தைத் தேதி தெரியும்படி படம் எடுங்கள், மருத்துவர் சீட்டைப் பத்திரமாக வையுங்கள், பணம் கைபேசி வழியாகக் கட்டியிருந்தால் அந்தச் செய்தியை அழிக்காதீர்கள். என்ன பூசினார்கள் என்று கேட்டு ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை வையுங்கள். வியாழக்கிழமை நான் திண்டுக்கல் போகிறேன். தாள்களோடு காலை பஸ்ஸுக்கு வந்துவிடுங்கள், சேர்ந்தே போகலாம்.